முள்ளுக்கரண்டியால் அடைத்த வேலி

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சிலர், முதல் பக்கத்துப் படத்தைப் பார்த்துவிட்டு, மண்டபத்தில் யாரோ மாற்றித் தந்துவிட்டார்கள் என்று நினைக்கக்கூடும். மாற்றித் தரவில்லை. நீலக் கண்களும், காதோரம் மட்டும் மிஞ்சிய வெள்ளை முடியும், கழுத்துவரை பூட்டிய சட்டையுமாக உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பவர் என் மாமா. என் கணவரின் தந்தையார். ஜேர்மனியில் ஒரு சிறிய ஊரின் நீதிமன்றத்தில் வழக்கறிஞராக இருந்தவர். அந்த ஊரையும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களையும் பற்றி வரலாறு எழுதியவர். கடைசி ஏழெட்டு ஆண்டுகள் ஸ்காபரோவில் எங்களோடு இருந்து, சென்ற மாசி மாதம் எங்களை விட்டுப் பிரிந்தவர்.

"வெள்ளைக்காரருக்கும் நினைவு மலர் அடிக்கிறியளோ?" என்று மிசிசாகாவில் இருக்கும் என் சித்தி தொலைபேசியில் கேட்டார்.

"அவர் எனக்கு மாமாதானே சித்தி."

"அதுவும் சரிதான். அப்ப படத்தைக் கொஞ்சம் பெரிசாப் போடு. வடிவான மனுசன்."

பெரிதாகவே போட்டிருக்கிறோம். ஆனால் இந்த மலர் வரத்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவர் நானுமல்ல, என் கணவருமல்ல. என் அண்ணா. அவர் ஏன் அப்படி நின்றார் என்பதைச் சொல்லாமல் மாமாவின் வாழ்க்கையைச் சொல்லி முடிக்க என்னால் இயலாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாமா பேசியதெல்லாம் டொச் என்கிற ஜேர்மன் மொழியில்தான். தமிழில் அவருக்கு ஓம், சரி, காணும், இவற்றோடு வேலி சம்பந்தமான நாலைந்து சொற்கள் தெரியும். ஆனால் இத்தனை ஆண்டுகள் அவர் பேச்சை வீட்டாருக்கு மொழிபெயர்த்து மொழிபெயர்த்து, இப்போது நினைக்கும்போது அவர் எங்கள் ஊர்ப் பேச்சில்தான் கதைத்தார் என்பது போலவே காதில் விழுகிறது. விழுகிறபடியே எழுதுகிறேன். பிழையென்றால் என் கணவர் திருத்தட்டும். அவருக்குத் தமிழ் வாசிக்க வராது என்பதால் தைரியமாக எழுதுகிறேன்.

மாமா பிறந்தது ஒரு சிறு நதியின் கரையில். அவருடைய தந்தையாருக்குத் தண்ணீரால் சுழலும் மாவாலை ஒன்று இருந்தது. வீடும் ஆலையும் ஒரே கூரையின் கீழ். இரவும் பகலும் சக்கரம் சுழன்றுகொண்டே இருக்கும். அந்த ஓசையில்தான் பிள்ளைகள் உறங்குவார்களாம். ஓசை நின்றால் எல்லோரும் விழித்துவிடுவார்களாம். "எங்கட வீட்டில சத்தம் கேட்டு ஒருத்தரும் எழும்புறேல்லை. சத்தம் இல்லாமல் போனால்தான் எழும்புவம்" என்று அவர் சொல்லும்போது, அந்த ஆற்றின் ஈரம் எங்கள் ஸ்காபரோக் குசினிக்குள் வந்துவிட்டது போல் இருக்கும்.

மீசை முளைக்குமுன்பே அவரை உலகப் போருக்குப் பிடித்துப் போனார்கள். பிறகு கைதியாக எங்கோ ஒரு கூடாரத்தில் இருந்தார். விடுவித்ததும் நடந்தே ஊர் திரும்பினார். பாலம் இல்லை. ஆலைச் சக்கரம் நின்றிருந்தது. அதைப் பற்றி அதற்குமேல் அவர் பேசியதில்லை, நாங்களும் கேட்டதில்லை. பசியோடு சட்டம் படித்தார். பக்கத்துச் சிறு பட்டணத்தில் வழக்கறிஞராக இருந்தார். அங்கேயே பள்ளி ஆசிரியையாக இருந்த மாமியைக் கைப்பிடித்தார். ஒரே மகன் பிறந்தார்.

கொலை வழக்கு, கொள்ளை வழக்கு என்று மாமா ஒருநாளும் கதை சொன்னதில்லை. ஆற்று நீரை யார் எந்தக் கிழமை தன் நிலத்துக்குத் திருப்பலாம், யாருடைய மாடு யாருடைய புல்லுக்குள்ளால் நடந்து போகலாம், எல்லைக் கல்லைத் தள்ளி வைத்தவர் தகப்பனா பாட்டனா, இவைதான் அவருடைய வழக்குகள். இப்படிப்பட்ட வழக்கை வெல்ல வேண்டுமென்றால் பழைய கதை தெரிய வேண்டும். ஆகவே சனிக்கிழமைகளில் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு வயல் வயலாக நடந்தார். கல்லைத் தடவிப் பார்த்தார். ஒவ்வொரு நிலத்துண்டுக்கும் ஊரார் இட்ட பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டார். வழக்குகள் தீர்ந்தன, நடை மட்டும் நிற்கவில்லை. அப்படித்தான் வரலாற்று ஆசிரியரானார். ஆலைகளைப் பற்றி ஒரு நூல், பாலங்களைப் பற்றி ஒரு நூல், வயற்பெயர்களைப் பற்றி ஒரு நூல். அந்தப் பக்கத்துக்கு வெளியே யாரும் வாசிக்காத நூல்கள். உள்ளே எல்லோர் வீட்டிலும் இருந்த நூல்கள்.

பிறகு வீடுகளைப் பற்றி எழுதினார். அந்தப் பட்டணத்தில் ஒரு காலத்தில் யூதக் குடும்பங்கள் வாழ்ந்தன. அவர்கள் துரத்தப்பட்டபோது அவர்களின் வீடுகளை யார் யார் அடிமாட்டு விலைக்கு வாங்கினார்கள் என்பதைத் தெருத் தெருவாக எழுதிவிட்டார். வாங்கியவர்களில் பலர் உயிரோடிருந்தார்கள். சிலர் அவரிடமே வழக்குக் கொடுத்த கட்சிக்காரர்கள். மாமாவைக் கண்டால் ஊரவர்கள் தெருவின் மற்றப் பக்கத்துக்கு மாறினார்கள். வழக்குகள் குறைந்தன. மாமி பாண் வாங்கப் போனால் கடைக்காரி முகம் கொடுக்க மாட்டாராம். "ஏன் எழுதினீங்கள் மாமா?" என்று நான் ஒருநாள் கேட்டேன். "அந்த வீடுகளுக்கு முன்னால நான் ஒவ்வொரு நாளும் நடந்து போறனான் பிள்ளை" என்றார்.

நான் அந்தப் பட்டணத்துக்கு அகதியாகப் போனவள். முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்தேன். என் கணவரைச் சந்தித்த கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான், இங்கே வேண்டாம். முதன்முதலாக அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போன நாள் மட்டும் வேண்டும். அந்த நாட்டில் என்னைக் கண்டவர்கள் எல்லோரும் சண்டையைப் பற்றிக் கேட்பார்கள், இல்லையென்றால் உறைப்பைப் பற்றிக் கேட்பார்கள். மாமா கேட்டது ஒன்றே ஒன்று.

"உங்கட வீட்டுக்குக் கிழக்காலை என்ன இருக்கு?"

"ஒழுங்கை" என்றேன், வேலிகளுக்கு நடுவே போகும் ஒடுங்கிய பாதையை நினைத்து.

"அதுக்கு அங்காலை?"

சொன்னேன். அதற்கு அங்காலை? அதையும் சொன்னேன். சூப்பு ஆறிப் போனது. மாமி இரண்டாம் தரம் சூடாக்கினார். நான் பனங்காணி தாண்டி, வெண்காயத் தோட்டம் தாண்டி, சந்தை தாண்டி, மாமாவைக் கூட்டிக்கொண்டு கடற்கரைவரை நடந்துவிட்டேன். கடல் வந்ததும் அவர் கரண்டியை வைத்தார். "வடிவான நடை" என்றார். அன்றைக்கே அவர் எனக்கு மாமாவாகிவிட்டார். கலியாணம் பிறகுதான் நடந்தது.

என் கணவருக்கு மிசிசாகாவில் வேலை கிடைத்து நாங்கள் ரொறன்ரோ வந்தோம். மாமி காலமானபின் மாமாவையும் அழைத்துக்கொண்டோம். வந்த புதிதில் அவருக்கு இந்த நகரம் பிடிக்கவில்லை. எல்லாத் தெருவும் அடிமட்டம் வைத்துக் கீறியது போல் இருந்தன. எல்லைக் கல் இல்லை. நிலத்துண்டுக்குப் பெயர் இல்லை. ஒருவாரம் சன்னலோரம் பேசாமல் இருந்தார். பிறகு சப்பாத்தைக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் பள்ளத்தில் ஓடும் சிற்றாறு, பிரதான வீதிக்கு வந்ததும் காணாமல் போகிறது என்பதை அவர்தான் கண்டுபிடித்தார். குழாய்க்குள் விட்டு மேலே தார் போட்டுவிட்டார்கள். தமிழ்க் கடைகள் இருக்கும் அந்தக் கட்டடத்தின் கார்த் தரிப்பிடத்துக்குக் கீழால் ஆறு ஓடுகிறது. மாமா அங்கே போய், நீர் வடியும் இரும்பு மூடிக்கு மேல் நின்று கேட்பார். மழை பெய்த மறுநாளென்றால் நெடுநேரம் கேட்பார். அவரோடு நானும் ஒருநாள் நின்றேன். கார்கள், கறிவேப்பிலைப் பைகளோடு போகும் சனம், கசெற் கடையின் பாட்டு, இவ்வளவுக்கும் அடியில் ஏதோ ஒன்று உருண்டு உருண்டு போய்க்கொண்டிருந்தது. "ஆலைச் சத்தம்" என்றார் மாமா. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

கடைக்கு வருபவர்களுக்கு அது விளங்கவில்லை. "பாவம், கார்த் திறப்பைத் துலைச்சுப் போட்டார் போல" என்று கடைக்கார அன்ரி தன் வேலையாளை அனுப்பிச் சாவியைத் தேடச் சொன்னார். ஒன்றும் அகப்படவில்லை. மாமாவுக்கு ஒரு உழுந்து வடை கொடுத்தார். அதன்பிறகு மாமா ஆறு கேட்கப் போகும்போதெல்லாம் வடை உண்டு.

அப்போதுதான் அண்ணா வந்து சேர்ந்தார். ஊரில் கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞராக இருந்தவர், நாற்பது வயதில் எங்கள் வீட்டின் நிலக்கீழ் அறையில் அகதியாக இருந்தார். பகலில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். அவருடைய அகதி விண்ணப்பத்தைத் தெரிந்தவர்கள் சேர்ந்து நிரப்பிக் கொடுத்திருந்தார்கள். விசாரணைக்கு நாள் வரும். ஏற்றுக்கொண்டால் இங்கே இருக்கலாம். இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். திருப்பி அனுப்பினால் விமான நிலையத்திலேயே என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். அண்ணா அந்த நாட்களில் தூக்கத்திலும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

மாமாவுக்கும் அண்ணாவுக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, சாப்பிட்ட மேசையைத் துடைக்கவிடாமல் மாமா அண்ணாவை மறித்தார். தன் வழக்கமான கேள்வியைக் கேட்டார். கிழக்கே என்ன? அண்ணா கத்தி இரண்டை எடுத்து நீட்டாக வைத்தார். அது ஒழுங்கை. சீனிப் போத்தலை வைத்தார். அது எங்கள் வீடு. உப்புப் போத்தல் கிணறு. வேலிக்கு என்ன செய்வது? என் கலியாணத்துக்கு வந்த முள்ளுக்கரண்டிகளை மாமா பெட்டியோடு தூக்கி வந்தார். இருவரும் ஒவ்வொன்றாக நிரைக்கு வைத்து வேலி அடைத்தார்கள். வடக்கே தென்னோலை பின்னிய கிடுகு வேலி. தெற்கேயும் மேற்கேயும் முள்ளுக்கம்பி.

யாழ்ப்பாணத்து வேலியின் கதை மாமாவுக்கு அமுதமாக இருந்தது. ஆண்டுக்கு ஆண்டு புதுக் கிடுகு கட்டும்போது வேலி மரமான கதியாலை ஒரு விரற்கடை தள்ளி நடும் வித்தையைக் கேட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "எங்கட ஆக்கள் கல்லைத் தள்ளினவங்கள். நீங்கள் மரத்தைத் தள்ளிறியள்." அடுத்தடுத்த ஞாயிறுகளில் ஊர் மேசைக்கு வெளியேயும் பரவியது. அலுமாரிமேல் கோவில், சன்னல் விளிம்பில் சந்தை. இரவுச் சாப்பாட்டுக்கு இடமில்லை. நான் கத்தினேன். ஒருவரும் கேட்கவில்லை. உண்மையில் எனக்கும் அதைக் கலைக்க மனம் வரவில்லை. பனி விழுகிற வெளிச்சத்தில் அந்தக் கரண்டிகள் மினுங்கிக்கொண்டிருக்க, சீனிப் போத்தலுக்குள் அம்மா இருக்கிறா என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன்.

விசாரணைக்குச் சில கிழமைகள் இருக்கும்போது, இராணுவம் எங்கள் வீட்டுக்கு வந்த நாளைப் பற்றி மாமா ஒரு கேள்வி கேட்டார். "ஆமி ஒழுங்கையால வந்த மத்தியானம் நீங்கள் எங்கை நிண்டனீங்கள்?"

அண்ணா விரலை உப்புப் போத்தலடியில் வைத்தார். கிணற்றடி.

"பிறகு?"

விண்ணப்பத்தில் எழுதியிருந்ததைத்தான் அண்ணா சொன்னார். "பின் மதிலாலை பாய்ஞ்சு ஓடினனான்."

மாமா மேசையை நெடுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "மதில் எங்கை? மேற்காலை முள்ளுக்கம்பி எண்டு நீங்கள்தான் வைச்சனீங்கள்."

அண்ணா மேற்கு நிரையிலிருந்த முள்ளுக்கரண்டியைத் தொட்டுப் பார்த்தார்.

"கிழக்காலை ஆமி. தெற்காலையும் மேற்காலையும் கம்பி. தம்பி, நீங்கள் இன்னும் இந்த மேசையில இருந்து வெளியில போகேல்லை."

இதை அண்ணாவின் முகத்தைப் பார்க்காமலே தமிழில் சொன்னேன். ஏனென்றால் மிச்சமிருந்தது வடக்கு வேலி ஒன்றுதான். அந்த வேலியைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை.

உறவினர்களுக்குத் தெரிந்த கதைதான், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வடக்கு வீட்டாருக்கும் எங்களுக்கும் என் சின்ன வயதிலிருந்தே வழக்கு. கிணறு எங்கள் பக்கம், அதில் அவர்களுக்குப் பங்கு உண்டு. வேலியில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு திறப்பு, ஊரில் நாங்கள் பொட்டு என்போமே, அது எப்போதும் இருந்தது, அதனால் வந்து தண்ணீர் அள்ளுவது தங்கள் உரிமை என்பது அவர்களுடைய வாதம். அப்படியொரு பொட்டு ஒருநாளும் இருந்ததில்லை, வாசல் படலையால் கேட்டு வந்துதான் அள்ளினார்கள் என்பது எங்கள் வாதம். அப்பா வழக்காடியே கண்ணை மூடினார். மூடுமுன் அண்ணாவின் கையைப் பிடித்து, வேலியை விட்டுவிடாதே என்று சத்தியம் வாங்கினார். அண்ணாவும் கூண்டில் ஏறி, பொட்டு இல்லை என்று சாட்சி சொன்னார்.

அந்த மத்தியானம் நடந்தது இதுதான். அண்ணா கிணற்றடியில் அகப்பட்டு நின்றார். வேலிக்கு அந்தப் பக்கத்தில் அதைக் கண்டவர் அந்த வீட்டுக்காரர், நாங்கள் வடக்கு வீட்டு அண்ணை என்று சொல்பவர். கையிலிருந்த கத்தியால் கிடுகை மேலிருந்து கீழாகக் கிழித்து, அண்ணாவின் கையைப் பிடித்து இழுத்து, தன் வீட்டுப் பின்வளவால் பனங்காணிக்குள் விட்டுவிட்டார். ஒரு சொல்லும் பேசவில்லை. எங்களோடு அவர்களுக்குப் பேச்சுவார்த்தை இல்லையே. அடுத்த கிழமை அம்மா புதுக் கிடுகு வாங்கி அந்த இடத்தை அடைத்துக் கட்டிவிட்டார்.

"இதைச் சொன்னால் என்ன?" என்று நான் அண்ணாவைக் கேட்டேன். கோபம் தாங்கவில்லை. "உயிரைக் காப்பாத்தின கதையல்லோ? ஏன் மதில் பாய்ஞ்சனீங்கள்?"

"உனக்கு விளங்காது. சத்தியம் பண்ணிச் சொன்னால் அது பதிவாகும். கனடா அரசாங்கத்தின்ர பதிவு. நாளைக்கு அவங்கட வழக்குப் பேசிற அப்புக்காத்து அதை எடுத்துக் கொண்டுபோய் ஊர்க் கோட்டில நீட்டினால்? வேலியில பொட்டு இருந்தது எண்டு நானே சொன்னதாப் போயிடும். அம்மா அங்கை தனிய இருக்கிறா."

என் கணவருக்கு இதை மொழிபெயர்த்தபோது அவர் இரு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் அண்ணா, நாடு கடத்தப்படும் நிலையிலும், யாழ்ப்பாணத்து வேலி வழக்கைத் தோற்றுவிடக் கூடாது என்பதற்காக, தன்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே உண்மையை மறைத்துவைத்திருக்கிறார். யாரென்றாலும் சிரித்துவிடுவார்கள். சிரிக்காதவர் கனடாவிலேயே ஒருவர்தான் இருந்தார்.

மாமா அதை ஒரு வழக்காகவே எடுத்துக்கொண்டார். நான்கைந்து நாட்கள் ஆறு கேட்கப் போய் வந்தார். வடையைக்கூடக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிட மறந்து நின்றாராம். பிறகு ஒரு காலை, பாணுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டே சொன்னார்.

"நான் உங்கட நாட்டு வழக்கறிஞர் இல்லை. இஞ்சையும் இல்லை. என்ர ஊரில எண்டால் இப்பிடித்தான் சொல்லுவன். பொட்டு இல்லை எண்டு நீங்கள் கோட்டில சொன்னது, அந்த மத்தியானத்துக்கு முன்னம். அப்ப அது உண்மை. அந்த மத்தியானம் ஒண்டு வந்தது. அதுவும் உண்மை. இரண்டும் ஒண்டையொண்டு அடிக்காது."

அண்ணா தலை நிமிர்ந்தார்.

"இன்னுமொண்டு. வழி உரிமை எண்டது, இது என்ர பாதை எண்டு ஒருத்தன் வருசக் கணக்கா நடக்கிறதாலை வாறது. ஒருத்தன் இரக்கப்பட்டுத் திறந்து விட்டால் அது உரிமை இல்லை, தயவு. தயவைக் காட்டி ஒருத்தரும் வழக்கு வெல்லேலாது. உங்கட வேலிக்கு ஒண்டும் நடக்காது."

"அப்பாட்டைச் சத்தியம் பண்ணினனான்" என்றார் அண்ணா.

மாமா வெண்ணெய்க் கத்தியை வைத்தார். "ஒரு இடத்தைப் பற்றிப் பொய் சொன்னால், தம்பி, பிறகு அந்த இடத்துக்குத் திரும்பிப் போக வழி இல்லாமல் போயிடும். கனவிலகூட மதில் வந்து மறிக்கும்."

அண்ணா அழுதார். நான் அவர் அழுது பார்த்தது அப்பாவின் செத்தவீட்டில், அதற்குப்பின் அன்றுதான்.

விண்ணப்பத்தில் இருந்ததை மாற்றுவது லேசான காரியமாக இருக்கவில்லை. அண்ணாவின் வழக்கறிஞர் அம்மையார் தயங்கினார். கதையை மாற்றினால், முன்பு சொன்னது பொய்யென்றால் இப்போது சொல்வதை எப்படி நம்புவது என்று கேட்பார்களாம். மதிலோடேயே விட்டிருக்கலாமோ என்று இரவெல்லாம் நினைத்தேன். மாமாமீது எரிச்சலாகவும் வந்தது. அவருக்கு வரலாறு, எங்களுக்குச் சீவன்.

விசாரணை நாளில் மாமாவும் நானும் வெளியே நடைக்கூடத்தில் இருந்தோம். மாமா நீதிமன்றத்துக்குப் போகும் கறுப்புக் கோட்டை அணிந்து வந்திருந்தார். பெட்டியில் அடியில் கிடந்ததால் அது மடிப்பு மடிப்பாக இருந்தது. கதவு திறந்து அண்ணா வந்தபோது அவருடைய சட்டை நனைந்திருந்தது.

"விசாரிச்ச அதிகாரி கேட்டவ, ஏன் முதல்லை மதில் எண்டு எழுதினது எண்டு. நான் வழக்கைச் சொன்னன். அவவுக்கு விளங்கேல்லை. பிறகு மேசையில கிடந்த பேனையளை எடுத்து வேலி அடைச்சன். அவவின்ர பேனையையும் எடுத்துப் போட்டன்."

"ஐயோ அண்ணா!"

"ஒண்டும் சொல்லேல்லை. நான் நடுவிலை ஒரு பேனையை எடுத்து அங்காலை வைச்சுக் காட்டினன். இதாலைதான் வந்தனான் எண்டு. கனநேரம் பார்த்துக்கொண்டே இருந்தவ. பிறகு கேட்டா, அப்ப கிணறு ஆருக்குச் சொந்தம் எண்டு."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"அது இன்னும் தீரேல்லை எண்டன்."

மாமாவுக்கு மொழிபெயர்த்தேன். அவர் எழுந்து நின்று, அண்ணாவின் கையைப் பிடித்து, சகவழக்கறிஞரைப் பாராட்டுவது போலக் குலுக்கினார். சில கிழமைகளில் முடிவு வந்தது. அண்ணாவை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு எங்கள் வீட்டில் பாயசம். மாமா இரண்டு கோப்பை குடித்துவிட்டு, தன் முதல் வெளிநாட்டு வழக்கு என்று சொல்லித் திரிந்தார்.

அதன்பின் சண்டையில் ஊரே இடம்பெயர்ந்தது. அம்மாவும் வடக்கு வீட்டு அண்ணையின் குடும்பமும் ஒரே உழவு இயந்திரப் பெட்டியில் போனார்களாம். வழி நெடுகப் பேசிக்கொள்ளவில்லையாம். தண்ணீர்ப் போத்தல் மட்டும் கை மாறியதாம். அம்மா இப்போது கொழும்பில் இருக்கிறார். அந்தப் பக்கம் போய் வந்த ஒருவர், இரண்டு வளவும் ஒரே பற்றையாகக் கிடக்கிறது, வீடும் இல்லை, வேலியும் இல்லை, கிணறு எதுவென்றே தெரியவில்லை என்று அண்ணாவிடம் சொன்னார். அண்ணா அதை மாமாவிடம் சொல்லச் சொன்னார். சொன்னேன். மாமா முள்ளுக்கரண்டிப் பெட்டியை எடுத்து வந்தார். பொழுது படும் வேளை. எவரும் விளக்கைப் போடவில்லை. ஒழுங்கை, வீடு, கிணறு, வேலி என்று எல்லாவற்றையும் அவரே, ஒருவரிடமும் கேட்காமல், சரியான இடத்தில் வைத்தார். நாங்கள் சுற்றி இருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். வேறெங்கும் இல்லாத எங்கள் வளவு அந்த மேசையில் இருந்தது.

கடைசிக் காலத்தில் அவருடைய இருதயம் களைத்துவிட்டது. மருத்துவமனையில் படுத்திருந்த நாட்களில் நினைவு நீரில் மிதந்துகொண்டிருந்தது. சில வேளை ஆலைச் சக்கரம் நின்றுவிட்டது என்று எழுந்து உட்காருவார். சில வேளை மாமியோடு கதைப்பார். ஆனால் பெரும்பாலும் அவர் நடந்துகொண்டிருந்தது எங்கள் ஊரில். கண்ணை மூடியபடி சொல்வார். சந்தை தாண்டியாச்சு. வெண்காயத் தோட்டத்துக்குத் தண்ணி கட்டுறாங்கள். பனங்காணிக்குள்ள நல்ல நிழல். என் கணவர் குழம்பிப்போய், "அப்பா எந்த ஊரில் நிற்கிறார்?" என்று என்னைக் கேட்பார். தன் வாழ்நாளில் ஒருமுறைகூடக் கால் வைக்காத ஓர் ஊரில், எங்கள் எவராலும் போக முடியாத ஓர் ஊரில், மாமா ஒரு தடையும் இல்லாமல் உலாவினார். எனக்குப் பொறாமையாக இருந்தது. சொல்வதில் என்ன வெட்கம்.

கடைசி நாள் பிற்பகல். அண்ணா வேலையிலிருந்து நேரே வந்திருந்தார். தொடாத சாப்பாட்டுத் தட்டம் கட்டிலுக்குக் குறுக்கே இருந்தது. மாமா கண் விழித்தார். தண்ணீர்க் கோப்பையை மெல்ல ஓரமாகத் தள்ளினார். பிளாஸ்ரிக் முள்ளுக்கரண்டியை எடுத்து, அதன் பக்கத்தில் குறுக்காக வைத்தார். அண்ணாவைப் பார்த்தார். எனக்குச் சொல்லாமலே விளங்கியது. ஆனாலும் அவர் கேட்டார், தமிழில் தனக்குத் தெரிந்த சொற்களில்.

"வேலி... பொட்டு?"

அடைத்துக் கிடக்கிறதா, திறந்து கிடக்கிறதா என்று கேட்கிறார்.

கூண்டில் ஏறிப் பொட்டு இல்லை என்று சத்தியம் செய்த என் அண்ணா, தகப்பனுக்கு வாக்குக் கொடுத்த அண்ணா, குனிந்து அந்த முள்ளுக்கரண்டியை எடுத்துத் தன் சட்டைப்பையில் வைத்தார்.

"திறந்துதான் கிடக்கு மாமா. நீங்கள் போங்கோ."

நான் மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவில்லை. "சரி" என்றார் மாமா. சன்னலுக்கு வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. விளக்கு ஏற்றும் நேரத்துக்குள் அவர் போய்விட்டார்.

மாமாவின் அஸ்தியை என் கணவர் கொண்டுபோய், அந்த நதிக்கரையில், மாமியின் பக்கத்தில் சேர்த்துவிட்டு வந்தார். எங்களோடு இருந்து துயரைப் பகிர்ந்தவர்களுக்கு நன்றி சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது. கொட்டும் பனியில் ஒஷாவாவிலிருந்தும் மிசிசாகாவிலிருந்தும் வந்து, புரியாத மொழியில் நடந்த தேவாலய வழிபாட்டில் கடைசிவரை எழுந்து நின்ற உறவுகளுக்கு நன்றி. மாமாவின் தலையணையை நாளுக்குப் பலமுறை திருப்பிப்போட்ட தாதிமாருக்கு நன்றி. றிச்மண்ட் ஹில் கோவிலில் அவருக்காக அர்ச்சனை செய்தபோது, கோத்திரம் கேட்டுவிட்டு, நாங்கள் விழித்ததைக் கண்டு தாமே ஏதோ சொல்லிச் சமாளித்த ஐயருக்கு நன்றி. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று ஒரு பெட்டி வடையோடு வந்து, "ஆறு கேக்கிற ஐயாவுக்கு" என்று படத்தின் முன் வைத்த கடைக்கார அன்ரிக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

இன்னுமொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும் என்று அண்ணா சொன்னார். பெயரைப் போடலாமா என்று கொழும்பில் இருக்கும் அம்மாவைக் கேட்டேன். "வழக்கு இன்னும் முடியேல்லைப் பிள்ளை" என்றார். பிறகு, "பேர் போடாமல் எழுது" என்றார்.

ஆகவே, எங்கே இருக்கிறார் என்று எங்களுக்கு இன்று தெரியாத வடக்கு வீட்டு அண்ணைக்கு, பெயர் போடாமல் எங்கள் நன்றி. அந்த மத்தியானம் அவர் வேலியைக் கிழித்தது என் அண்ணாவுக்காக. அதற்குள்ளால் என் மாமாவும் போவார் என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

மருமகள்